திருப்பிக் கொடுக்காத கட்சி

என் செருப்பின் அடியில் ஒட்டியிருக்கும் மண் உன் குழியிலிருந்து வந்தது. நேற்று மாலை வீட்டுக்கு வந்ததும் பால்கனியில் கழற்றி வைத்தேன். காய்ந்ததும் தட்டிவிடலாம் என்று நினைத்தேன். காயவில்லை. மூன்று நாளாக ஜீவனஹள்ளியில் வெயில் தலைகாட்டவில்லை. இன்று காலை கதவைத் திறந்ததும் அந்த வாடைதான் முதலில் வந்தது. மழைக்குப் பின் எழும்பும் மண் வாசனை இல்லை அது. வெளிச்சம் படாத ஆழத்திலிருந்து வெட்டி எடுத்த மண்ணுக்குத் துருப்பிடித்த இரும்பைப் போலக் குளிர்ந்த ஒரு வாடை இருக்கிறது. பழைய கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு சுரண்ட உட்கார்ந்தேன். சுரண்டிய பின் அதை எங்கே போடுவது என்று தெரியவில்லை. குப்பைக் கூடையில் போட முடியுமா? கத்தியை வைத்துவிட்டு உனக்கு எழுதுகிறேன்.

உன் அம்மா முந்தாநாள் காலமானார். உன் தம்பிதான் போன் செய்தான். அழுகை இல்லாத, களைத்த குரலில், "அக்கா, நாளைக்குக் காலைல குழியத் திறக்கிறாங்க. உங்களுக்குச் சொல்லச் சொல்லி அவ அப்பவே சொல்லி வெச்சிருந்தா," என்றான். சொல்லி வைத்தவள் நீ. நீ போய் ஆறு வருடம் ஆகிறது.

போனேன். நீ கேட்டபடி அங்கே நின்றேன். அதைச் சொல்வதற்கு முன்னால், நாம் செய்த ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். நாம் என்று எழுதுவதுகூட என் கோழைத்தனம்தான். பிழை என்னுடையது.

பெங்களூரில் எம்.ஏ. வரலாற்று வகுப்பில் தமிழ் பேசும் கிறிஸ்தவப் பெண்கள் நாம் இரண்டே பேர். நீ ஜோகுபாளையத்துக் கத்தோலிக்க வீட்டுப் பெண்; நாள் தவறாமல் ஜெபமாலை சொல்பவள். நான் புராட்டஸ்டண்ட் வீட்டில் பிறந்து, கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் கோயில் வாசலை மிதிப்பவள். படிப்பு முடிந்து நீ பள்ளிக்கூட டீச்சர் ஆனாய். உங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு கூடி வேதம் வாசிக்கும் ஜெபக்குழுவை நடத்தினாய். நான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் புத்தகங்களைத் திருத்தி அச்சுக்குத் தயார் செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்தேன். என் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் சமய வரலாறு. முதல் மூன்று நூற்றாண்டுக் கிறிஸ்தவம், அதற்கு முந்தைய யூதர், அவர்களைச் சுற்றியிருந்த கிரேக்கரும் ரோமரும். வாரம் முழுக்க அடிக்குறிப்புகளில் புழங்கிவிட்டுச் சனிக்கிழமை சாயங்காலம் உன் வீட்டு மாடிக்கு வருவேன். "என்னாடி ப்ரூஃப் ரீடரு, இந்த வாரம் எங்க சாமிய எங்கேர்ந்து திருடினாங்கன்னு கண்டுபிடிச்ச?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போடுவாய்.

ஒரு சனிக்கிழமை எல்லை மீறிவிட்டேன். அன்று பேச்சு, பூசையில் படைக்கும் அப்பத்தையும் திராட்சை ரசத்தையும் பற்றி. யூதரின் பாஸ்கா விருந்திலிருந்து எவ்வளவு வந்தது, மண்ணுக்கடியில் கூடிய ரோமானிய ரகசியச் சமயக் குழுக்களின் விருந்திலிருந்து எவ்வளவு வந்தது என்று அடுக்கிக்கொண்டே போனேன். அந்தக் காலத்துக் கிறிஸ்தவர்களே அந்த ஒற்றுமையைக் கவனித்திருக்கிறார்கள், பேய்கள் நம்மைப் பார்த்துக் காப்பியடித்துவிட்டன என்று சமாதானம் எழுதியிருக்கிறார்கள் என்றேன். "பேய்ங்க ட்யூஷன் போயிருக்கும்போல," என்றும் சேர்த்துக்கொண்டேன். நீ சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாய். நீ அழுகிறாய் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது.

"நீ ஜெயிக்கிறதுக்காகப் பேசுற," என்றாய். "எங்கப்பா குழியில கிடக்கிறாரு. நான் அதுக்காகப் பேசுறேன். ரெண்டும் ஒண்ணு இல்லடி."

இனி வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாய் என நினைத்தேன். அடுத்த வாரம் மாடிப்படியிலேயே என்னை நிறுத்தி வைத்து விதி சொன்னாய்.

"இன்னிலேர்ந்து மாத்திப் பேசணும். உன் கட்சி எனக்கு, என் கட்சி உனக்கு. 'நான் நம்பல'ன்னு நீ ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நான் 'விசுவாசம்'னு சொல்லக் கூடாது. போறப்போ அவங்கவங்கள்த அவங்கவங்க திருப்பி வாங்கிக்கணும்."

"எப்படி வாங்கறது? ரசீது தருவியா?"

"நீ குடுத்துட்டேன்னு சொல்லு. நான் வாங்கிக்கிட்டேன்னு சொல்றேன். அப்புறம் நான் குடுத்துட்டேன்பேன், நீ வாங்கிக்கோ."

"வாங்காமப் போனா?"

"போற வழியில மாறிப்போயிடும்."

உன் முகத்தில் விளையாட்டு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. எனக்கு இந்த மாதிரி விஷயங்களில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அன்றிலிருந்து ஒரு சனிக்கிழமைகூட, படி இறங்குமுன் அந்த நான்கு வார்த்தைகளைச் சொல்லாமல் நாம் பிரிந்ததில்லை. ஏறக்குறைய இருபது வருடம்.

எத்தனை சாயங்காலங்கள்! கிறிஸ்துமஸ் தேதி சூரியன் பண்டிகையிலிருந்து எடுத்தது என்று வாட்ஸ்அப்பில் வந்ததை நீ உற்சாகமாக வாசித்துக் காட்டுவாய், அன்று நீ என் கட்சி என்பதால். உன் கட்சியில் இருந்த நான், அந்தத் தேதியில் சூரியன் பண்டிகை நடந்ததற்கான சான்றும் கிறிஸ்துமஸ் நடந்ததற்கான சான்றும் ஒரே காலத்தில்தான் கிடைக்கின்றன, யார் யாரைப் பார்த்து வைத்தார்கள் என்று சொல்ல முடியாது என்று மறுப்பேன். உன் அம்மா படியில் நின்று கேட்டுவிட்டு, "ஏன்டி, வாரா வாரம் ரெண்டு பேருமா சேந்து சாமியப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்க? டீ ஆறிப்போவுது," என்பார்கள். யார் யாருக்காகப் பேசுகிறோம் என்பது அவர்களுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. ஒருமுறை என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "நீ நல்லா விசுவாசமாப் பேசுற. அவளுக்குக் கொஞ்சம் புத்தி சொல்லும்மா," என்றார்கள்.

உண்மை என்னவென்றால், என் கட்சியை நீ என்னைவிட நன்றாகப் பேசினாய். நான் சந்தேகத்தைப் புத்தகத்திலிருந்து எடுத்தவள். எனக்கு அதில் வலி கிடையாது. நீ பேசும்போது ஒவ்வொரு கேள்வியும் உன்னைக் கீறிக்கொண்டு வெளியே வந்தது. முதலில் அது எனக்குப் பிடித்திருந்தது. வயது ஏற ஏற, அதைக் கேட்கும்போது உன் கண்ணாடிக்குப் பின்னால் யார் பேசுகிறார்கள் என்று பார்ப்பேன். "வாங்கிக்கிட்டேன்" என்று நீ சொன்னதும்தான் மூச்சு விடுவேன்.

எலும்புப் பேச்சு வந்தது ஒரு நவம்பரில். நான் அப்போது பழைய எருசலேமின் அடக்க முறைகள் பற்றிய கையெழுத்துப்படி ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். இறந்தவரைக் குகையில் கிடத்துவார்கள். ஓராண்டு கழித்து, சதை போன பின், எலும்புகளைப் பொறுக்கிச் சின்னக் கல்பெட்டியில் அடுக்கி வைப்பார்கள். உடல் ஒருநாள் எழும் என்ற நம்பிக்கையால் அப்படிச் செய்தார்கள் என்று சிலர் எழுதுகிறார்கள். இடம் போதாமல் செய்தார்கள் என்று வேறு சிலர். உன்னிடம் சொன்னேன்.

நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாய். பிறகு, "எங்க கல்லறையிலகூட அதான செய்றாங்க," என்றாய்.

கல்லறைத் திருநாளுக்கு உங்களோடு நானும் வந்தேன். உன் அப்பாவின் கல்லறையை அம்மா கழுவி, சாமந்தி பரப்பி, மெழுகுவர்த்தி வைத்த பின், பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்து மூடியில் காபி ஊற்றித் தலைமாட்டில் வைத்தார்கள். "மா, ஃபாதர் பாத்தா திட்டுவாரு," என்று நீ முணுமுணுத்தாய். "அவரு குடிச்சி முடிக்கிற வரைக்கும் ஃபாதர் இந்தப் பக்கம் வர மாட்டாரு," என்றார்கள். ரோமர்கள் இதைத்தான் செய்தார்கள், முதல் கிறிஸ்தவர்களும் கல்லறைகளில் உட்கார்ந்து விருந்துண்டார்கள், பிஷப்புகள் திட்டித் திட்டி நிறுத்தினார்கள் என்று உன் காதில் சொன்னேன். "நிக்கல பாரு," என்றாய்.

குழி தோண்டும் சின்னப்பா மண்வெட்டியோடு அந்தப் பக்கம் வந்தார். நீதான் அவரை நிறுத்திக் கேட்டாய்.

"ஒரு குழில ரெண்டாவது ஆள் வந்தா மொத ஆள என்னா பண்ணுவீங்கண்ணா?"

"எலும்பெல்லாம் எடுத்து வெள்ளத் துணில கட்டுவோம்மா. கால்மாட்டுல சின்னதாத் தோண்டி வெச்சிடுவோம். மேல புதுசு எறங்கும்." உன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சமாதானமாகச் சொன்னார்: "பயப்படாதீங்க. உள்ள இருக்கறவங்க கோச்சிக்க மாட்டாங்க. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்குவாங்க. பெங்களூருக்காரங்கதான?"

உன் அம்மாகூடச் சிரித்துவிட்டார்கள். நீ கல்லறையின் விளிம்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாய். "என்ன எடுக்கறப்போ நீ நிக்கணும்டி," என்றாய். "எல்லாத்தையும் எடுக்கிறாங்களான்னு பாத்துக்கணும். உனக்குத்தான் ஒரு கமா விட்டாலும் தெரியுமே."

"அதுக்கு நான் உனக்கப்புறம் இருக்கணும்."

"இருப்ப," என்றாய். உனக்கு அப்போது நாற்பது முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. எந்த நோயும் இல்லை. அந்தச் சொல்லை நீ சொன்ன விதம், ஏற்கெனவே முடிவான ஒன்றை ஞாபகப்படுத்துவது போல இருந்தது. மெழுகு உருகிக் கல்லில் ஓடிக்கொண்டிருந்தது. நான் பேச்சை மாற்றினேன்.

திரும்பி வரும் வழியில் நீ பழையபடி ஆகிவிட்டாய். அன்று சனிக்கிழமை இல்லை, அவரவர் கட்சிதான். உயிர் தனியாகப் பிரிந்து மேலே போகும் என்பது கிரேக்கர் வழி வந்த எண்ணம். உடம்போடு எழுவது யூதர் வழி வந்தது. நீங்கள் இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று நான் ஆரம்பித்தேன். "உடம்பு எழும்னு கேட்டதும் கிரேக்கன் சிரிச்சான். யூதர்லயே கோயில் பூசாரிக் கூட்டம் நம்பல. அப்புறம் உனக்கு எது வேணும்? ஆவியா, உடம்பா?"

"உடம்புதான். ஆவிய வெச்சிக்கிட்டு நான் என்னா பண்றது?" என்றாய். "ஆனா கண்ணாடியோட எழுப்பச் சொல்லணும். மைனஸ் ஏழு. அது இல்லாம எழுந்தா, எங்கப்பான்னு நெனச்சி எவன் பின்னாலயாவது போயிடுவேன்."

இரண்டு வருடம் கழித்து உனக்கு நோய் வந்தது. அதன் பெயரை நீ சொன்னதில்லை, நானும் எழுத மாட்டேன். வேகமாக நடந்தது. தலைமுடி போனது, குரல் போனது. கண்ணாடி மட்டும் அப்படியே இருந்தது, முகம் சிறுத்துப்போனதால் அது பெரிதாகத் தெரிந்தது. சனிக்கிழமைகள் ஆஸ்பத்திரிக்கு மாறின. அங்கேயும் மாற்றிப் பேசினோம். பத்து நிமிடம், ஐந்து நிமிடம். பிறகு வெறும் அந்த நான்கு வார்த்தைகள்.

கடைசியாக வந்தது ஒரு புதன்கிழமை மத்தியானம். ஆபீசில் அரை நாள் லீவு போட்டு வந்திருந்தேன். ஜன்னலுக்கு வெளியே கட்டடத்துக்கு வர்ணம் அடிக்கிறவர்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவரின் நிழல் உன் போர்வைமேல் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"இன்னிக்கு என்னா கெழம?" என்றாய்.

"புதன்."

"பரவால்ல. சனின்னு வெச்சிக்கோ. உன்னுத நான் எடுத்துக்கிறேன்."

பேச ஆரம்பித்தாய். அவ்வளவு நீளமாக நீ பேசி மாதங்கள் ஆகியிருந்தன. பழைய யூதருக்குச் செத்தால் செத்ததுதான், கீழே இருட்டில் எல்லாரும் ஒன்று என்றாய். "அப்புறம் ஒரு ராஜா வந்தான். வேதத்துச் சட்டத்த மீற மாட்டேன்னவங்களக் கொன்னான். கொழந்தைங்களக்கூட. ஒழுங்கா இருந்ததுக்காகவே கொன்னான். அந்த அம்மாங்களால எப்படித் தாங்க முடியும்? திரும்ப எழுந்து வருவாங்கன்னு யாரோ சொல்லியிருப்பாங்க. துக்கம் தாங்காமச் சொன்னது. அது வரைக்கும் ஓரமா இருந்த பேச்சு, அன்னிக்கி நடுவுல வந்து உக்காந்துடுச்சி. அப்புறம் எங்காளுங்க அத எடுத்துக்கிட்டாங்க." மூச்சு வாங்கியது. நிழல் போர்வையில் ஏறி உன் கழுத்துவரை வந்து நின்றது. "அது மருந்துடி. வலிக்கு மருந்து. மருந்து வேல செய்யும். வேல செய்றதால அது நெஜம்னு ஆயிடுமா?"

என் கட்சியை நான்கூட அப்படிச் சொன்னதில்லை. உன் கண்ணாடியில் ஜன்னல்தான் தெரிந்தது. கண் தெரியவில்லை. அந்த அறையில் அப்போது இருந்தது நீயா, நானா என்று ஒரு கணம் எனக்குச் சந்தேகம் வந்தது.

"இப்ப நீ சொல்லு," என்றாய். "உன் மொற."

உன் கட்சியில் சொல்ல எனக்கு நிறைய இருந்தது. இருபது வருடமாகச் சொல்லிப் பழகியது. பயந்து சிதறி ஓடிய ஆட்கள் ஏன் திரும்பி வந்தார்கள் என்று கேட்டிருக்கலாம். வெறும் ஆறுதல் வேண்டியிருந்தால், கேட்கிறவன் சிரிக்காத கிரேக்கக் கதையே போதுமே, எல்லாரும் சிரிக்கிற கதையை ஏன் சுமந்து திரிந்தார்கள் என்று கேட்டிருக்கலாம்.

"இன்னிக்கு வேணாம்," என்றேன்.

"ஏன்?"

"இப்படி இருக்கறப்போ உன்கிட்டப் பொய் சொல்ல முடியாது."

"பொய் சொல்லச் சொல்லல. என் கட்சியப் பேசச் சொன்னேன்."

அதை நேர்மை என்று நினைத்துக்கொண்டேன். சாகப்போகிறவளிடம் நம்பாததைச் சொல்லக் கூடாது என்று படித்த ஒருத்தியின் நேர்மை. நர்ஸ் கதவைத் திறந்து, "டைம் ஆயித்து மேடம்," என்றாள். உன் கையைத் தொட்டேன். "சனிக்கிழம வரேன்," என்றேன். நீ தலையசைத்தாய். வாயைத் திறந்தாய் என்றுதான் நினைக்கிறேன். நான் திரும்பிவிட்டேன்.

பஸ் அல்சூரைத் தாண்டும்போதுதான் உறைத்தது. நான் கொடுக்கவில்லை. நீ வாங்கவில்லை. இறங்கித் திரும்பிப் போகலாமா என்று எழுந்து நின்றேன். பிறகு உட்கார்ந்தேன். நடுவில் இரண்டு நாள்தானே, சனிக்கிழமை சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு உன் தம்பியின் போன் வந்தது.

அடக்கத்தன்று பெட்டியை மூடுமுன் உன் தம்பி உன் கண்ணாடியைக் கழற்றப் போனான். "அத விடு," என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. அன்று நான்கு பேர் முன்னால் உன் கட்சியில் நான் சொன்ன ஒரே சொல் அது. குழியருகே அவன் என் பக்கத்தில் வந்து நின்றான். "அக்கா, கடைசியா அவகூட நெறையப் பேசுனது நீங்கதான். நம்பிக்கையோடதான போனா?"

"ஆமாம்ப்பா," என்றேன். கொஞ்ச தூரத்தில், வெள்ளைத் துணியில் கட்டிய உன் அப்பா கால்மாட்டுக்காகக் காத்திருந்தார்.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் உன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். உன் அம்மா டீ போடுவார்கள், நான் குடிப்பேன், எதையும் பேச மாட்டோம். அவர்கள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருநாள், பட்டாணி உரித்துக்கொண்டே, நேற்று நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார்கள்.

"அவ போறதுக்கு மொத நாளு, வியாழக்கெழம, ஃபாதர் கடைசி எண்ணெ எடுத்துக்கிட்டு வந்தாரு, அவளுக்குப் பூச. வேணான்னுட்டா."

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"'சனிக்கெழமைக்கு அப்புறம் வாங்க ஃபாதர்'னா. ஏன்டி இப்படிப் பண்றன்னு கேட்டேன். 'அவ வரட்டும்மா, அவகிட்ட என்னுது ஒண்ணு இருக்கு, வாங்கிக்கிட்டு அப்புறம் பூசிக்கிறேன்'னா." பட்டாணித் தோலை ஒதுக்கிவிட்டு என்னைப் பார்த்தார்கள். "என்னாம்மா அது? புஸ்தகமா?"

"ஆமா ஆன்ட்டி. புஸ்தகம்தான்."

"குடுத்திருக்கலாம் இல்ல," என்றார்கள். கோபமே இல்லை. அந்த வார்த்தை என்னோடு வீடுவரை வந்தது.

ஆறு வருடமாக எனக்கு ஒரு பயம் இருந்தது: என் கட்சி உன்னை ஜெயித்துவிட்டதோ என்று. நடந்தது அதுவல்ல என்று அன்று புரிந்தது. அதைவிட மோசமானது. நீ விதியைக் காப்பாற்றினாய். என் கட்சியைக் கையில் வைத்துக்கொண்டு உன் எண்ணெயை வாங்கிக்கொள்ள உன் மனசு ஒப்பவில்லை. உன்னுடையதை நான் கொண்டு வருவேன் என்று இரண்டு நாள் காத்திருந்து, எண்ணெய் இல்லாமலே போய்விட்டாய். செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்வது உங்கள் புராட்டஸ்டண்ட் வேதத்தில் இல்லை, அந்த ஏட்டையே எடுத்துவிட்டீர்கள் என்று என்னைக் கிண்டல் செய்வாயே, எனக்கு வேண்டிக்கொள்ளவும் வழியில்லை.

நேற்று காலை. தூறல். உன் தம்பி குடை பிடிக்காமல் நின்றான். சின்னப்பாவுக்கு இப்போது முதுகு வளைந்துவிட்டது, ஆனாலும் எலும்பு எடுக்கும் வேலையை வேறு யாரிடமும் விடுவதில்லை என்றார். குழியில் கொஞ்சம் தண்ணீர் ஊறியிருந்தது. பெட்டியின் பலகை கையோடு வந்தது. துணியை விரித்தார்கள்.

பார்த்தேன். நீ சொன்னபடி ஒன்றும் விடாமல் பார்த்தேன். அது எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருந்தது, அவ்வளவுதான். வலது கையின் சின்ன எலும்புகள் மண்ணோடு போயிருந்தன. "அந்த மூலைல இன்னொருவாட்டி பாருங்கண்ணா," என்றேன். சின்னப்பா முறைத்தார். பிறகு மண்ணை விரலால் அரித்தார். இரண்டு கிடைத்தன. அதைத்தான் நீ கேட்டிருந்தாய். நான் அச்சுக்கு அனுப்பும் எந்தப் பக்கத்தையும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை.

பிறகு மண்ணுக்குள்ளிருந்து உன் கண்ணாடி வந்தது. சட்டம் அப்படியே இருந்தது. ஒரு பக்கத்தில் லென்ஸ் இல்லை. சின்னப்பா அதைத் தன் சட்டையில் துடைத்து மேலே நீட்டினார்.

"இத என்னா பண்றது? தூக்கிப் போட்டுடலாமா?"

உன் தம்பி என்னைப் பார்த்தான். சுற்றி நின்ற உறவுக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள். சனிக்கிழமை இல்லை, மாடி இல்லை, என் எதிரில் நாற்காலி இல்லை.

"அவளோட வெச்சிக் கட்டுங்க," என்றேன். "அவளுக்கு வேணும்."

"எலும்புக்குக் கண்ணாடி எதுக்கும்மா?"

"எழுந்திருக்கறப்போ," என்றேன். "மைனஸ் ஏழு. அது இல்லாம அவங்கப்பாவ அடையாளம் தெரியாது."

யாரும் சிரிக்கவில்லை. ஒரு பெரியவர் சிலுவை போட்டுக்கொண்டார். சின்னப்பா கண்ணாடியை மண்டையோட்டின் பக்கத்தில் வைத்துத் துணியை முடிந்தார். உன்னை உன் அப்பாவின் பக்கத்தில், கால்மாட்டில் வைத்தார்கள். உன் அம்மா மேலே இறங்கினார்கள். எல்லாரும் ஒரு பிடி மண் போட்டோம். குனிந்தபோது, யாருக்கும் கேட்காத மாதிரி, "குடுத்துட்டேன்," என்றேன்.

நின்றேன். தூறல் பெட்டி மேல் விழும் சத்தம் கேட்டது. பிறகு மண் மேல் மண் விழும் சத்தம். உன் தம்பி என் முழங்கையைத் தொட்டு, "போலாம் அக்கா," என்றான். நீ சொல்ல வேண்டிய வார்த்தையை யாரும் சொல்லவில்லை.

நான் நம்புகிறேன் என்று இதற்குப் பொருளில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம் முன்பு தெரிந்ததேதான். எது யூதரிடமிருந்து வந்தது, எது கிரேக்கரிடமிருந்து வந்தது என்று இன்றும் வரி வரியாகப் பிரித்துக் காட்ட முடியும். ஆனால் ஒன்று நடக்கிறது, உன்னிடம் மட்டும் சொல்கிறேன். போன வாரம் ஒரு கையெழுத்துப்படியில், உயிர்த்தெழுதல் துக்கத்தில் பிறந்த கற்பனை என்று ஆசிரியர் எழுதியிருந்த இடத்தில், ஓரத்தில் ஒரு கேள்வி போட்டேன்: ஆறுதல்தான் வேண்டுமென்றால் எல்லாரும் சிரிக்கும் கதையை ஏன் தேர்ந்தார்கள்? அனுப்பிய பின்தான் பார்த்தேன். அது என் கேள்வி இல்லை. உன் கட்சிக்காக நான் தயார் செய்து, அந்தப் புதன்கிழமை சொல்லாமல் விட்டது. ஆறு வருடமாக என் கட்சியில் பேச வாயெடுத்தால் முதலில் வருவது இதுதான்.

வாங்காமல் போனால் போகிற வழியில் மாறிப்போகும் என்றாய். என்னுடையதை எடுத்துக்கொண்டு நீ எந்த வழியில் போனாய் என்று எனக்குத் தெரியாது. அங்கே அது உனக்குக் கனமாக இருக்கிறதா என்றும் தெரியாது. உன்னுடையது இங்கே பத்திரமாக இருக்கிறது. ஒரு கமாவைக்கூட நான் தொடவில்லை.

செருப்பு இன்னும் பால்கனியில்தான் இருக்கிறது. மண்ணைச் சுரண்டப் போவதில்லை. நாளை சனிக்கிழமை.